லைன் கிளியர் கொடுத்த குரல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. ராத்திரியில்கூட இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். மணி 2.10.

நான் லைன்மேன். பதினேழு வருஷம் அரசு மின்வாரியத்தில் கம்பம் ஏறினவன். வாரியத்தைத் தனியாருக்கு விற்றபோது எல்லோரும் ஸ்டிரைக்கில் உட்கார்ந்தோம். ஒன்பதாம் நாள் நான் மட்டும் எழுந்து போய்க் கம்பெனி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேறென்ன சொல்ல?

என் அக்கா புருஷன் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். அவர் சுவிட்சை இறக்கி, கரண்டை நிறுத்தி, "லைன் கிளியர்" என்று சொன்னால்தான் நாங்கள் கம்பியில் கை வைப்போம். எங்கள் உயிர் அவர் வாயில் இருந்தது. கம்பெனி வந்ததும் அந்த அறையைப் பூட்டியது. எல்லாம் தூரத்துக் கம்ப்யூட்டருக்குப் போனது. அத்தான் வீட்டுக்குப் போனார்.

அன்றைக்குத் தன் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார்: "துரோகிப் பயலே. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

அதோடு ஐந்து மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த மத்தியானம் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் உடைந்த பீங்கானை மாற்ற வேண்டும். முன்பெல்லாம் மூன்று பேர் போகும் வேலை. இப்போது நான் ஒருத்தன். வாக்கி-டாக்கியில் லைன் கிளியர் கேட்டேன். வழக்கமாகக் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பெண் பேசும். ஏற அனுமதியாக ஆறு இலக்க நம்பர் ஒன்று சொல்லும்.

அன்று நம்பர் வரவில்லை.

"லைன் கிளியர். ஏறு மாப்ளே."

அத்தான் குரல்.

குரலுக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன் சத்தம். கர்ர்... டக். கர்ர்... டக். சப்ஸ்டேஷன் அறையில் ஓடுமே, அந்தப் பழைய ஃபேன்.

கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது போல என்று நினைத்தேன். என்னிடம் பேசிவிட்டாரே!

"சாப்ட்டீங்களா அத்தான்?" என்றேன்.

கர்ர்... டக். ஏறினேன்.

2.16. பெல்ட்டை மாட்டினேன். கம்பி இரண்டு முழத் தூரத்தில்.

கையில் மயிர் எழுந்து நின்றது.

ம்ம்ம்ம்...

மெல்லிய இரைச்சல். கரண்ட் இல்லாத கம்பி இரையாது.

கையை இழுத்துக்கொண்டேன்.

"ஏன் நிக்கிறே?"

இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி.

நான் நின்றது... அவருக்கு எப்படித் தெரியும்?

"தொடு மாப்ளே."

தொடவில்லை. கரண்ட் இருந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பியைக் கழியில் மாட்டி, நீட்டி லைனில் வைத்தேன்.

படீர்!

நீல நெருப்பு. முழங்கை வரை வெந்தது.

கர்ர்... டக்.

"ச்சே..."

அவ்வளவுதான். பிறகு சத்தமே இல்லை.

எப்படி இறங்கினேனோ தெரியாது. 2.24க்கு அந்தப் பெண் லைனில் வந்து கத்தியது. "லைன் ட்ரிப் ஆயிருக்கு. லைன் கிளியர் கேக்காம யாரு உங்களை ஏறச் சொன்னது?"

கேட்டேனே என்றேன். இன்று என்னிடமிருந்து ஒரு அழைப்பும் பதிவாகவில்லையாம்.

வெந்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அத்தான் எங்கேக்கா?"

"அவரு போய் நாலு நாளாச்சு."

கம்பத்தடியிலேயே உட்கார்ந்தேன்.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"அவரு முடியாமக் கெடந்தப்பவே சொல்லத்தான் போனை எடுத்தேன். அவருதான் தடுத்துட்டாரு. சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி." அக்கா அழவில்லை. "'அவனுக்குச் சொல்லாதே. நான் கூப்ட்டுக்கிறேன்'னாரு."