டேப் பிடித்தவன் மேல் ஒரு கண்

வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவனை யாரும் முழுசாக நம்புவதில்லை. "இதுக்கு அனுமதி வாங்கணும்" என்று அவன் சொன்னால், அதில் அவனுக்கு ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பெங்களூரில் இந்த வேலை பார்க்கிறேன். நல்லது சொல்லப் போய் முறைப்பு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் கஷ்டம் புரியும்.

சமையலறைச் சுவர்

பீன்யாவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த முனுசாமி, ஒக்கலிபுரத்தில் ஒரு பழைய மாடி வீட்டை வாங்கியிருந்தார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டால் மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தாராளமாக உட்காரலாம் என்பது அவர் எண்ணம். போய்ப் பார்த்தேன். மாடிச் சுவர் நேராக இதன் மேல்தான் நின்றது. "இதைச் சும்மா இடிக்கக் கூடாதுங்க. ஒரு இன்ஜினியர் பார்த்துச் சொல்லி, இரும்பு பீம் வெச்சுட்டுத்தான் எடுக்கணும்" என்றேன். முனுசாமி தன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சிரித்தார். எனக்கு டீகூட வரவில்லை.

மறுவாரமே என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். மேஸ்திரி மேல்வரிசையில் நாலு செங்கல்லை உருவியதும் மாடிச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மேலே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மருமகள், சோப்பு நுரையோடு அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்திருக்கிறாள். நான் போனபோது சவுக்குக் கம்பங்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தெரிந்த இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து, பீம் வைத்து, வீட்டைக் காப்பாற்றினோம். எல்லாம் முடிந்த பிறகு முனுசாமி என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்: "உண்மையைச் சொல்லுங்க சார், அன்னிக்கு வந்தப்போ அந்தச் சுவரை நீங்க எதுனா பண்ணிட்டுப் போனீங்களா?"

எதிர்வீட்டுக்காரர்

ஜோகுபாளையத்தில், ஆஸ்பத்திரி ஆயாவான புஷ்பாக்கா மாடியில் ஒரு ரூம் கட்ட ஆசைப்பட்டார். மாடி எடுப்பதென்றால் பிளான் கொடுத்து அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அதற்காக வீட்டையும் வாசல் சந்தின் அகலத்தையும் அளந்தேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தாஸ் வெளியே வந்து, நான் நகர நகரத் தானும் நகர்ந்தார். "ரோடு அகலம் பண்றாங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை போனால், சந்துக்குள் நீண்டிருந்த தன் வாசற்படியை அவரே கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய், "ஐயோ, நான் புஷ்பாக்கா வீட்டுக்குத்தாங்க பிளான் போடறேன்!" என்றேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் சார், படியோட நிறுத்தினீங்களா, இல்ல பாத்ரூமையும் அளந்துட்டீங்களா?"

நாலாவது மாடி

இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்தது இது. சேலத்திலிருந்து வந்து சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த கார்த்திக்கும் அவர் மனைவி வித்யாவும் நாலாவது மாடியில் ஃபிளாட் வாங்கி ஆறு மாதம். வித்யாவுக்கு ஏழாவது மாதம். பால்கனியை மூடி, குழந்தைக்கு அறையாக்க வேண்டும் என்றார்கள். அனுமதி வாங்கிய பிளானைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். "ஒரு பால்கனிக்கு இவ்வளவா?" என்று கார்த்திக் இழுத்தார். பில்டர் கொடுத்திருந்த ஜெராக்ஸில் பாதி தெரியவில்லை. கார்ப்பரேஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கினேன். அதில் மூன்று மாடிதான் இருந்தது.

"நீங்க வேற பில்டிங் பிளானைக் கொண்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு கார்த்திக் கீழே இறங்கிப் போனார். ரோட்டில் நின்று, விரலை நீட்டி எண்ணிவிட்டுத் திரும்பி வந்தார். பில்டர் போனை எடுக்கவில்லை. பிற்பாடு அந்த மாடிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வக்கீல் வைத்தார்கள். வழக்கு இழுத்த இழுப்பில் குழந்தை பள்ளிக்கூடம் போகவே ஆரம்பித்துவிட்டது. ஆனால் அன்றைக்கு, நான் பிளானைச் சுருட்டும்போது வித்யா வயிற்றில் கை வைத்தபடி கேட்டார்: "சார், பேப்பர்ல நாலாவது மாடியே இல்லேன்னா, இப்ப நாங்க எதுல உட்கார்ந்திருக்கோம்?"

என் மேல் பட்ட சந்தேகத்தில் பாதியாவது தங்கள் வீட்டின் மேல் பட்டிருந்தால், இவர்களில் பாதிப் பேருக்கு நான் தேவைப்பட்டிருக்கவே மாட்டேன்.