ஏரிக்கு மேலே நின்ற வெளிச்சம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சாலவாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தோம். பொழுது சாயும் நேரம். நானும் என் கொழுந்தன் மனைவி செல்வியும் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தோம். மேய்ந்துவிட்டு வந்த சினைப்பசுவை நான் இன்னும் கட்டவில்லை.

அப்போதுதான் ஏரிக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனில் வீடியோ எடுத்தேன்.

"அக்கா, கை ஆடுது, கெட்டியா புடி!" என்று செல்வி சிரித்துக்கொண்டே என் முழங்கையைத் தாங்கினாள். வெளிச்சம் சட்டென்று மேலேறி மறைந்தது. பின்னாலிருந்து என் கணவர் கத்தினார்: "மேல இன்னா பாத்துக்கினு கீறீங்க? மாடு நெல்லத் துன்னுக்கினு கீது!"

நெல் தின்ற பசுவுக்கு வயிறு உப்பிவிட்டது. மாட்டு டாக்டர் உடனே வந்ததால்தான் பிழைத்தது. அன்று எனக்குக் கிடைத்த திட்டு கொஞ்சமல்ல.

அந்த வெளிச்சம் என்னவென்று இன்றுவரை தெரியாது. வீடியோவில் வெறும் புள்ளிதான். செல்வி குடும்பம் வேலைக்காக ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டது. அவள் சிரிப்பைக் கேட்கத்தான் அதை அடிக்கடி போடுகிறேன். ஒரே அடுப்பில் சமைத்த எங்களுக்கு இருப்பது அந்த ஒரு வீடியோதான். அதிலும் அவள் முகம் இல்லை.

இப்போது வானத்தில் எது தெரிந்தாலும் முதலில் மாட்டைக் கட்டுகிறேன். பிறகு போனைப் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறேன்.