பெரியப்பாவின் கண்களைத் திறந்தது

என் பெரியப்பாவை ஒரே ஒரு தடவைதான் படம் பிடித்தார்கள். அதுவும் அவர் இறந்த அன்று. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று இன்றைக்கு, நாளைக்கு என நாள் கடத்தியே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போதெல்லாம் தேயிலைத் தோட்டங்களில் செய்வதுபோல, குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இதெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

பெரியம்மா அதை டிரங்குப் பெட்டியின் அடியில் கவிழ்த்து வைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் படம் வெளியே வந்தது. அப்பா படத்தின் முன்னால் விழுந்து கும்பிடாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்த என் மாமா பெரியம்மாவுக்குத் தம்பி. பெரியம்மா படத்தை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

“இத அப்படியே மணவறையில வைக்க முடியாதுடா. கண்ணத் தொறந்து, கலர் போட்டுக் குடு.”

ஒன்பது வயதான நான், பள்ளிக்கூட லீவில் மாமாவின் கம்பியூட்டரே கதி என்று கிடந்தேன். மாமா படத்தைப் பெரிதாக்கினார். கண்கள் மூடியிருந்தன. கழுத்தில் ரோஜா மாலை. தாடையைச் சேர்த்துத் தலையில் வெள்ளைத் துணிக் கட்டு.

“பல்வலியா மாமா?”

“ம்.”

பல்வலிக்காரருக்கு யாராவது மாலை போடுவார்களா? தொழிற்சங்கத் தலைவராக இருந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மாமா துணியை அழித்தார். அக்காவைப் படம் பிடித்து, அவள் கண்களை எடுத்துப் பெரியப்பாவுக்கு வைத்தார். அப்பன் கண் அப்படியே இவளுக்கு என்று பெரியம்மா சொல்லியிருந்தார். முகத்துக்கு நிறம் ஏற்றுவதற்குள்தான் மாமாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கூட்டினால் மஞ்சள் காமாலை, குறைத்தால் பழைய சாம்பல். உதட்டுக்கு வெற்றிலைச் சிவப்பு வைத்ததும் மனிதர் சட்டென்று முழித்துக்கொண்டார். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

பெரியம்மா வந்து பார்த்தார். படத்தில் பெரியப்பாவின் தோள்பட்டையைத் தொட்டார்.

“இங்க என் கை இருந்துச்சேடா?”

“பின்னால நின்னு புடிச்சிருந்தீங்க. வேணாம்னு அழிச்சிட்டேன்க்கா.”

“வச்சிரு. அன்னைக்குத்தான் கடைசியா வளையல் போட்டிருந்தேன்.”

அழித்த கை திரும்ப வந்தது. வளையல் என்ன நிறம் என்று நான்தான் கேட்டேன். பச்சை என்றார். மாமா மவுஸை என்னிடம் கொடுத்தார். ஆறு வளையலுக்கும் நானே பச்சை பூசினேன்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. அக்காவும் மாப்பிள்ளையும் படத்தின் முன்னால் விழுந்து எழுந்தார்கள். எல்லாரும் பெரியப்பாவின் கண்களைத்தான் பேசினார்கள். என் வளையல்களை ஒருவரும் கவனிக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம். பெரியம்மாவோ மணவறைப் பக்கமே வராமல் கதவோரம் நின்றிருந்தார். ஓடிப்போய் அவருடைய வெறுங்கையைப் பிடித்து இழுத்தேன்.

“வாங்க பெரியம்மா, படத்துக்கிட்ட வந்து நில்லுங்க.”

“நான் அங்கதான்ம்மா நிக்கிறேன்,” என்றார்.

கதவோரம் நின்றுகொண்டே இப்படிச் சொல்கிறாரே, பெரியவர்களும் பொய் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.