விளக்கின் மேல் விழுந்த பழி

எங்கள் வீட்டில் தீப்பிடித்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். நானும் என் மனைவியும் ரங்கநாதரைச் சேவிக்கப் போயிருந்தோம். திரும்பி வந்து தெருமுனையில் நுழையும்போதே எங்கள் வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தீயை அடக்கியிருந்தார். பூஜை அலமாரி, அதை ஒட்டியிருந்த மர பீரோ, ஜன்னல், மேலே மின்விசிறி எல்லாம் போயிருந்தன. கூரைப் பூச்சு வெடித்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. அது அரங்கன் கருணை.

மனைவி உள்ளே போனதும் பார்த்தது குத்துவிளக்கைத்தான். சாய்ந்து கிடந்தது.

"நான்தானே ஏத்தி வெச்சுட்டு வந்தேன். திரியைக் குறைச்சேனா இல்லையான்னு ஞாபகமே இல்லையேங்க" என்று அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் பார்த்தது வேறு. நான் பத்தாவது வரை படித்தவன். ஒர்க்‌ஷாப்பில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கை சும்மா இருக்காது. பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, செல்களைக் கோத்து, பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு ஸ்பீக்கரும் வைத்து, விடியற்காலையில் தானாகவே பாசுரம் பாடுகிற பெட்டி ஒன்று செய்து பூஜை அலமாரியின் ஓரத்தில் வைத்திருந்தேன். கரண்ட் போனாலும் பாடும். "இந்தச் சத்தத்துல பெருமாள் பள்ளிகொண்ட மாதிரிதான்" என்று மனைவி கேலி செய்வாள். விருந்தாளி வந்தால் அவளேதான் போட்டுக் காட்டுவாள்.

சார்ஜ் நிறைந்ததும் தானே நிற்கிற அமைப்பு அதில் இல்லை. அடுத்த வாரம் போட்டுவிடலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று கோயிலுக்குப் போகிற அவசரத்தில் பிளக்கையும் பிடுங்கவில்லை.

கரிக்குள் கைவிட்டுத் துழாவினேன். செல்கள் வாய் பிளந்து கிடந்தன. தீ எங்கே பிறந்தது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. விளக்கு, ஊற்றிய தண்ணீரின் வேகத்தில் சாய்ந்திருக்கும். செல்களைப் பொறுக்கித் தகர டப்பாவில் மணலோடு போட்டுக் கொல்லையில் வைத்தேன். அவளிடம் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் வெட்கம். அடுத்த நாள், நேற்றே சொல்லவில்லையே என்கிற வெட்கம்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பெருமாள் கரிக்குள்ள இருக்கறதா?" என்று இருட்டோடு எழுந்து மொத்தத்தையும் கழுவித் தள்ளினாள். எரிந்த கட்டைகள் குப்பை வண்டியில் போயின. மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். சனிக்கிழமை சுவரில் சுண்ணாம்பு அடித்துக் கோலமும் போட்டுவிட்டாள். ஆனால் குத்துவிளக்கை மட்டும் துலக்கித் துணியில் சுற்றிப் பரண் மேல் ஏற்றச் சொன்னாள்.

"இனிமே என் கையால வேண்டாங்க" என்றாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூட அவள் விளக்கேற்றாமல் இருந்ததில்லை.

வீட்டுக்கடன் வாங்கியபோது கூடவே எடுத்த காப்பீடு ஒன்று இருந்தது. கம்பெனிக்குப் போனில் தகவல் சொன்னேன். அதைப் போட்டுக்கொடுத்த ஏஜெண்ட் சனிக்கிழமை மாலை வந்தார். வந்தவர் திகைத்து நின்றார்.

"என்னண்ணே, கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கறதுக்குள்ள வெள்ளையடிச்சுக் கோலமும் போட்டாச்சா? கிரகப்பிரவேசம் எப்ப?"

அவரை வாசலுக்கு அழைத்துப்போய்ப் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அதை மட்டும் சொல்லிடாதீங்க. வீட்ல செஞ்ச கரண்ட் சாமான்னு தெரிஞ்சா ஃபைலை மூடிடுவாங்க. விளக்கு சாய்ஞ்சுதுன்னு சொல்லுங்க. ஊர்ல நடக்காததா? அதான் எல்லாத்தையும் கழுவியாச்சே, யாரு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாங்க?"

காப்பீடு வராவிட்டால் அந்தக் கூரைக்கு மறுபடி கடன்தான் வாங்க வேண்டும். என் பென்ஷன் அதைத் தாங்காது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

திங்கட்கிழமை சர்வேயர் வந்தார். காட்டூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த நடுத்தர வயதுக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எரிஞ்ச இடம் எதும்மா?"

"நீங்க நிக்கறதுதாங்க."

மனிதர் சிரித்துவிட்டார். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுக்காரர் தீயை அணைத்த கையோடு போனில் நாலைந்து படம் எடுத்திருந்தார். அவற்றைப் பார்த்துக்கொண்டே சர்வேயர் கேட்டார்:

"தீ எப்படி ஆரம்பிச்சுது?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் சொன்னாள். "விளக்குதாங்க. நான்தான் திரியைக் கவனிக்காம போயிட்டேன். என் பேர்லயே எழுதிக்கோங்க."

அவர் பேனாவை எடுத்தார். பொய் சொல்கிற சிரமம்கூட எனக்கு இல்லாமல் போயிற்று. எனக்குப் பதிலாக அவள் சொல்லிவிட்டாள். அதை உண்மை என்றே நம்பிச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார், எழுதாதீங்க" என்றேன்.

கொல்லைக்குப் போய்த் தகர டப்பாவை எடுத்து வந்து அவர் முன் வைத்தேன். பெட்டி செய்தது, பிளக்கை விட்டுப் போனது, மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஏஜெண்ட் சொன்னதைச் சொல்லவில்லை, தலையாட்டியது நான்தானே.

"நாலு நாளா?" என்றாள் மனைவி. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சர்வேயர் செல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அப்படியே உங்க கையெழுத்துல எழுதிக் கொடுங்க ஐயா."

எழுதினேன். 'நானே செய்தது' என்கிற இடத்தில் பேனாவை நிறுத்தினேன். "அப்ப ஃபைலை மூடிடுவீங்களா சார்?"

"யார் சொன்னா? பெட்டிக்கும் பேட்டரிக்கும் ஒண்ணும் வராது, அது தானே சூடாகி எரிஞ்சது. அதுலேர்ந்து பரவுன தீ வீட்டுக்குப் பண்ண சேதம் வேற. அதை நான் எழுதுவேன், முடிவு கம்பெனி கையில." போனில் ஒரு படத்தைக் காட்டினார். "இங்க பாருங்க. விளக்கு இருந்த மூலையைவிட இந்தப் பக்கம்தான் அடிவரைக்கும் கருகியிருக்கு. விளக்குன்னு எழுதியிருந்தா அப்பதான் உங்களைக் குடைஞ்சிருப்பாங்க."

வாசல்வரை போனவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா, இனிமே எதுவும் எரியக் கூடாது. எரிஞ்சா தயவுசெஞ்சு கழுவாதீங்க!"

அவர் போன பிறகு அவள் வெளியே வந்தாள். "வீடு எரிஞ்சதுகூடப் போகட்டும். நான் அழறதைப் பார்த்துக்கிட்டே நாலு நாள் சோறு தின்னீங்களே."

பெருமாளிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அவர் திருப்பிக் கேட்பதில்லை. அன்று பொழுது சாய்கிற நேரத்தில், "பரண்லேர்ந்து எடுத்துக் கொடுங்க" என்று மட்டும் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

சில வாரங்களில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பெட்டியைத் தள்ளிவிட்டு மற்றதற்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். கூரை பூச வந்த கொத்தனார், பழைய பூஜை அலமாரி இருந்த சுவரைத் தட்டி, "இங்க மறுபடி பிளக் பாயிண்ட் வைக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "அங்க வேண்டாம். கூடத்துச் சுவத்துல வைங்க. நான் இங்கேருந்து நிமிர்ந்தா தெரியணும். அவர் எதைச் செஞ்சாலும் என் கண்ணு முன்னாடி செய்யட்டும்."

"சார்ஜ் தானே நிக்கற மாதிரிதான் இனிமே செய்வேன்" என்றேன்.

"செஞ்சு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். கொத்தனார் கூடத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார்.