சீனப் படத்தில் அது யாருடைய வீடு?

போன ஞாயிறு பின்னேரம், ஒரு சீனப் படத்தின் தயவால் முப்பது பேருக்கு முன்னால் என் மானம் போனது.

எங்கள் படவட்டத்தைப் பற்றி முன்பும் சொல்லியிருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கம் ஒரு சின்ன மண்டபம், முப்பது பிளாஸ்டிக் கதிரை, தேத்தண்ணி. இந்த முறை மிகப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். சப்டைட்டில் ஆங்கிலத்தில். மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவதும், முடிந்த பிறகு விளக்கவுரை ஆற்றுவதும் என் பொறுப்பு.

ஆயத்தமாகத்தான் போனேன். அந்தப் படத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய நீண்ட கட்டுரையை இணையத்தில் பிடித்து, டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு ஒரு பேராசிரியர் விளங்கிவிட்டால் வருகிற தலைக்கனம் இருக்கிறதே... அனுபவித்தால்தான் தெரியும்.

அவருடைய வாதம் இது. படத்தில் ஒரு பழைய வீடு. இளம் மனைவி, அவள் கணவன், ஒரு கிழவி — மூன்றே பேர். மனைவியைக் காட்டும்போதெல்லாம் கமரா அவளைக் கதவு நிலைக்குள்ளோ ஜன்னல் கம்பிக்குப் பின்னாலோதான் வைக்கிறது. படம் முடியும்வரை அவள் வாசற்படியைத் தாண்டுவதே இல்லை. ஆகவே வீடு ஒரு சிறை. அவள் அங்கே வெளியாள். கணவன் வாய் திறக்காமல் முற்றத்தில் நிற்பது, அவளைக் காப்பாற்ற முடியாத குற்ற உணர்ச்சி.

அழகான வாதம், இல்லையா?

முன் வரிசையில் பாக்கியம் அக்கா. தையல் கடை வைத்திருக்கிறவர். மனதில் பட்டதை மனதிலேயே வைத்திருக்கும் பழக்கம் இல்லாதவர். பின்னால் புரொஜெக்டரோடு ரூபன். டிவி, ரேடியோ திருத்துகிறவன், புரொஜெக்டர் அவனுடையது. பாக்கியம் அக்காவின் ஒரே மகளைக் கட்டியவனும் அவன்தான்.

இந்த இரண்டு பேருக்கும் ஒன்பது நாளாகப் பேச்சில்லை.

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். ரூபனும் அப்படி வந்தவன். காலமான தன் தகப்பனின் போட்டோவை மாட்டுவதற்கு, அக்காவும் மகளும் இருக்கிற வீட்டு ஹோல் சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறான். "ஆரைக் கேட்டு மகனே ஆணி அடிச்ச?" — அக்கா கேட்டது இவ்வளவுதான். அவன் போட்டோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொக்கட்டிச்சோலையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். மகள் இரண்டு தரம் போய்க் கூப்பிட்டாள். "மாமி கூப்பிடட்டும்" என்றானாம். "போன ஆளுக்கு வாற வழி தெரியாதா?" என்றாராம் மாமி. நடுவில் அந்தப் பெண்ணின் முகம் வற்றிப்போயிற்று.

அன்றும் அக்கா நேராக அவனோடு கதைக்கவில்லை. "தம்பி, அந்தப் புரொஜெக்டர்காரரிட்டச் சொல்லுங்க, சத்தம் காணாது" என்றார் என்னிடம். நான் வாய் திறக்குமுன் பின்னால் சத்தம் கூடியது.

படம் கால்வாசி போயிருக்கும். சீனக் கணவன் சோற்றை மளமளவென்று அள்ளிப் போட்டுக்கொண்டு முற்றத்தில் போய் நின்றான்.

"பாவம் அந்தப் பொடியன்" என்றார் அக்கா. "இரிந்து தின்னவும் பயம்."

"பொஞ்சாதிட வீட்ட வேற என்னகா செய்யிற?" — அவருக்குப் பின்னால் இருந்த ஒருவர், பெருமூச்சோடு.

அரைவாசியில் மண்டபமே கணவன் பக்கம். கிழவி இருமினால், "மாமியார் தொடங்கிட்டா." மனைவி கதவு நிலையில் சாய்ந்தால், "வீட்டுக்காரி நிக்கிற நிலையப் பாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிழையாக மொழிபெயர்க்கிறேனா? ஒருவாறு படம் முடிய, எழுந்து பேராசிரியரின் குரலில் தொடங்கினேன். "இந்த வீடு ஒரு சிறை. இந்தப் பெண் இங்கே வெளியாள்..."

மண்டபம் சிரித்தது.

"என்ன தம்பி கதைக்கிறீங்க?" என்றார் பாக்கியம் அக்கா. "அவள்ர வீட்டுக்குள்ள அவள் எப்பிடி வெளியாள்? வாசலத் தாண்டல்லையாம். என்னத்துக்குத் தாண்டணும்? சொந்த வீடு."

அப்போதுதான் பொறி தட்டியது. கணவனும் மனைவியும் கிழவியை அம்மா என்றே கூப்பிடுகிறார்கள். வீடு யாருடையது என்று படம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சீனாவில் அதைச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பிலும் தேவையில்லை. வினை அங்கேதான். ஒரே கதவு நிலை — பேராசிரியருக்கு அது சிறை. எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்காரி உரிமையோடு சாய்கிற இடம்.

"அக்கா, அங்க பொம்பிளதான் மாப்பிள வீட்டுக்குப் போற. அந்தக் கிழவி அவன்ட தாய்."

"அவன்ட தாயா?"

"ஓம்."

"அப்ப ஒண்டரை மணித்தியாலமா நாங்க ஆள் மாறியா பாவம் பாத்த?"

யாரும் சிரிக்கவில்லை. முப்பது பேரும் தலைக்குள் படத்தை முதலிலிருந்து ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தது. கம்பிக்குப் பின்னால் அந்த முகம்... நிலையைப் பிடித்த அந்தக் கை... விளக்கவுரைக்கு இனி வேலையில்லை.

பின்னால் ரூபன் வயரைச் சுற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னான். "அங்க அந்தப் புள்ள. இஞ்ச வேற ஆள். நிக்கிற இடம் ஒண்டுதான்."

ஒருவரும் திரும்பவில்லை. நான் என் வீட்டை நினைத்தேன். இருபத்தாறு வருஷமாக மனைவியின் வீட்டில் வாசல் பக்கத்துக் கதிரையில்தான் உட்காருகிறேன். காற்றுக்காக என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

பாக்கியம் அக்கா எழுந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். நேராகப் பின்பக்கம் திரும்பினார்.

"மருமகன், அந்தப் படத்த மறுகா ஒருக்காப் போடுங்க. நான் பிழையாப் பாத்திட்டன்."

ரூபனின் கை நின்றது. "மண்டபம் பூட்டப் போறாங்க மாமி."

"அப்ப வீட்ட கொண்டு வந்து போடுங்க."

"வெள்ளைச் சுவர் வேணும். முன்னுக்கு நிக்கிற அலுமாரியெல்லாம் அங்கால தள்ளணும்."

"தள்ளுங்க. ஒவ்வொண்டுக்கும் என்னக் கேட்டுக்கிட்டு நிக்க வேணாம்."

மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் தொடவில்லை. எங்கள் மாமியார்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, ஒரு வேலை வைப்பார்கள். மருமகன்மார் மன்னித்தேன் என்பதில்லை, அந்த வேலையைச் செய்துவிடுவார்கள். இதைப் பற்றி எந்தப் பேராசிரியராவது எழுதியிருக்கிறாரா தெரியாது.

திங்கட்கிழமை பின்னேரம் ரூபன் புரொஜெக்டரோடு அந்த வீட்டுக்குள் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு வியாழன்.

ஒன்றரை மணித்தியாலப் படம்... இன்னும் முடியவில்லையாம்.