தையல்காரரின் கதவுப் பலகை

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கலூரில் மக்களிடம் குறை கேட்ட நாளில், மட்டாஞ்சேரித் தையல்காரர் ஒருவர் தன் கடையின் கதவுப் பலகையையே கழற்றித் தோளில் சுமந்து வந்தார். மெலிந்த உடம்பு, காதிடுக்கில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி. மின்சாரம் போனால் பாதி தைத்த கல்யாணச் சட்டை ஊசியிலேயே நிற்கும். உடனே அந்தச் சாக்குக்கட்டியால் நேரத்தை இந்தப் பலகையில் குறித்துவிடுவாராம்.

“எங்கள் பதிவேட்டில் மின்தடையே இல்லையே” என்றார் மின்சார அலுவலக அதிகாரி.

“அது உங்க புஸ்தகம் சாரே. இது என்ட கடை. வாசிச்சு நோக்குங்க.”

ஆணைய உறுப்பினர் மேடையிலிருந்து இறங்கி, குனிந்து, கடைசி வரி வரை வாசித்தார். “இது சாட்சியம். இங்கேயே இருக்கட்டும்.”

“அப்போ கடையை எப்படி சாரே பூட்டுறது?”

அரங்கமே சிரித்தது, பார்வையாளர் வரிசையில் இருந்த நானும்.

ஒரு மாதம் கழித்து அவர் கடை இருக்கும் தெருவில் நடந்தேன். தையல் இயந்திரம் மழைபோல் ஓடிக்கொண்டிருந்தது. கடையின் புதுக் கதவுப் பலகையில் மின்தடை நேரம் ஒரு வரிகூட இல்லை. சாக்குக்கட்டி மட்டும் இன்னும் அவர் காதிடுக்கில் இருந்தது.