பொட்டில்லாத கதாநாயகி

அந்தத் தொடர்கதையைப் படித்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து அலமாரியில் வைத்திருப்பவர்கள். என்னைப் பார்த்தால் விடமாட்டார்கள். "அவள் ஆவி என்பதற்கு ரெண்டாவது வாரத்திலேயே எவ்வளவு நுட்பமாகக் குறிப்புக் கொடுத்திருந்தீர்கள் சார்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நுட்பமும் இல்லை. பொட்டு வைக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசி அது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டர். கரும்பலகையில் பூசணிக்காயும் கூஜாவும் வரைந்து வரைந்து கை மரத்துப்போயிருந்தது. பத்திரிகைத் தொடர்கதைக்குப் படம் போட வேண்டும் என்பதுதான் என் வாழ்நாள் ஆசை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அந்த வாய்ப்பு வந்தது. மிராசுதார் மகள் ஒருத்தியை ஓர் ஓவியன் வரைகிறான். வரைய வரையக் காதல் முற்றுகிறது. அதுதான் கதை. எழுதியவர் பெயர் பெண் பெயர். மரியாதைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போனால், பனியனோடு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த மீசைக்காரர்தான் அந்த அம்மாள். பகலில் ஏதோ சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டெண்ட்.

படம் போடுகிறவன் கதையைப் படித்துவிட்டுத்தான் படம் போடுகிறான் என்று வெளியில் நினைக்கிறார்கள். நடந்தது நேர் எதிர். அன்றைக்குப் படத்தைத் தகட்டில் பிளாக் எடுத்துத்தான் அச்சடிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். எழுத்தாளரோ கடைசி நிமிஷத்தில்தான் அத்தியாயத்தைக் கொடுப்பார். ஆகையால் உதவி ஆசிரியர் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போடுவார். 'இந்த வாரம்: அவள் கிணற்றடியில் நிற்கிறாள். அவன் பார்க்கிறான்.' அதை வைத்துக்கொண்டு நான் வரைந்து, எலெக்ட்ரிக் ரயிலில் எடுத்துப்போய்க் கொடுத்துவிட வேண்டும். அத்தியாயம் பின்னால் வரும். அவள் குடத்தோடு நின்றாளா வாளியோடு நின்றாளா என்பதெல்லாம் என் இஷ்டம். எழுத்தாளர் அதற்கேற்ப எழுதிக்கொள்வார்.

எனக்கு மாடல் என் மனைவி. வேறு யார் நிற்பார்கள்? கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் சனிக்கிழமை மத்தியானம் அவளை நிற்கவைத்து வரைவேன். கையில் குடம் கொடுத்தால் குடம், விளக்குக் கொடுத்தால் விளக்கு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "இன்னும் எவ்வளவு நேரம், குழம்பு அடிப்பிடிக்குது" என்பாள். கதாநாயகியின் முகத்தில் ஒரு சோகம் இருப்பதாக எல்லாரும் சொன்னார்களே, அது இந்தக் குழம்பைப் பற்றிய கவலைதான்.

நாங்கள் புராட்டஸ்டண்ட். எங்கள் வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. என் அம்மா வைத்ததில்லை, அத்தைகள் வைத்ததில்லை, இவளும் வைத்ததில்லை. நான் வீட்டில் பார்த்து வளர்ந்த நெற்றியெல்லாம் வெறும் நெற்றி. முன்னால் நிற்பதை வரைந்தேன். முதல் வாரம் அவள் பக்கவாட்டில் நின்றதால் தப்பித்தேன். இரண்டாம் வாரம் முழுமுகம், அரைப் பக்கம். கோயில் குளப் படியில், தலை நிறையப் பூவோடு, பொட்டில்லாமல் ஒரு மிராசுதார் மகள்.

கடிதங்கள் வந்து குவிந்தன. கதாநாயகி விதவையா, விதவை என்றால் தலையில் பூ எதற்கு, இது என்ன புரட்சியா அல்லது கொழுப்பா என்று. உதவி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பி, படத்தை மேஜையில் போட்டு, அவள் நெற்றியின் மேல் விரலை வைத்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை. நெற்றி கொஞ்சம் அகலமோ என்று கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு வாரத்துக்கும் பிளாக் எடுத்தாகிவிட்டது. அவற்றிலும் முழுமுகம்தான்.

குரோம்பேட்டைக்காரருக்கு விதவை வேண்டாம். வாசகிகள் அடிக்க வருவார்கள் என்றார். கடிதக் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு புண்ணியவதி, 'அவள் ஏற்கெனவே இறந்துபோனவள் என்று எனக்குத் தோன்றுகிறது, சரிதானா?' என்று எழுதியிருந்தாள். சூப்பிரண்டெண்ட் கண் மின்னியது. மூன்றாம் வாரம் மிராசுதார் மகள் குளத்தில் விழுந்து செத்து ஐந்து வருஷமாகியிருந்தது. ஓவியன் இதுவரை வரைந்தது ஆவியை. பத்திரிகை கடைகளில் காணாமல் போக ஆரம்பித்தது. எனக்கு வந்த போஸ்ட் கார்டில் ஒரே ஒரு வரி: 'இனி கால் வரைய வேண்டாம்.'

இப்படியாக என் மனைவி பேயானாள்.

தெருவுக்கு அடையாளம் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் பெஞ்சில் தாராளமாக இடம் கிடைத்தது. போதகர் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, வானிலை பேசி, கடைசியில் செருப்பு மாட்டும்போது, "தம்பி, பூ, பழம் இந்த மாதிரி வரைஞ்சாலும் நல்லாத்தானே இருக்கும்" என்றார். எல்லாவற்றையும்விட மீன்காரம்மாதான். கடற்கரைப் பக்கத்திலிருந்து கூடை சுமந்து வருகிறவள். சலூனில் யாரோ படித்துக்காட்டியிருக்கிறான். கூடையைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னா ஸார் இது, அக்காவப் புட்சி பேயாப் போட்டுகினு கீறே. வவுத்துப் புள்ளக்காரிய இப்டியா பண்ணுவாங்கோ?"

பிறகு என் மனைவியிடம் திரும்பி, "யக்கா, தப்பா நெனச்சுக்காத, கொஞ்சம் காலக் காட்டு" என்றாள். இவள் சிரித்துக்கொண்டே புடவையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினாள். மாசம் ஏறியதில் கால் நன்றாக வீங்கியிருந்தது. "யம்மாடி, இம்மாம் பெரிய காலு கீது. பேயில்ல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் கூடையோடு உள்ளே வந்து சங்கரா மீனை எடுத்து வெளியே வைத்தாள்.

ஆம், அவளுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவம். அவளுடைய அக்கா முதல் பிரசவத்தில்தான் போய்ச் சேர்ந்தாள், குழந்தையும் தங்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. பேசாமலிருந்தால் அது நம்மை மறந்துவிடும் என்று நான் நம்பினேன். நிற்க முடியாததால் அவளை நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தேன். முகத்தை அவளைப் பார்த்தும், இடுப்பைப் பழைய ஞாபகத்திலிருந்தும் போட்டேன். அவள் இந்தக் கூத்தையெல்லாம் ரசிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வாரத்துக்கான கார்டு வந்தது. 'அவள் மோட்சம் அடைந்து மறைகிறாள். அவன் அவளுடைய படத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறான். முற்றும்.'

நான் வருவதற்குள் அவள் அதைப் படித்துவிட்டாள். முருங்கை மரத்தடிக்கு வர மாட்டேன் என்றாள்.

"இவளைச் சாகடிக்கக் கூடாதுன்னு உங்க எழுத்தாளர்கிட்ட சொல்லுங்க."

"அவ செத்து அஞ்சு வருஷம் ஆச்சும்மா."

"அது உங்களாலதானே? அவர்கிட்ட சொன்னா உயிரோட கொண்டாரலாம். முடியாதுன்னா வேற யாரையாவது வச்சு வரைஞ்சுக்குங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவில்லை, காலையிலும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. தன் முகம் சாவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மனசு உடைந்து அக்கா வழியில் இவளும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? குரோம்பேட்டைக்கு ரயிலேறினேன்.

சூப்பிரண்டெண்ட் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "முடியாது சார். மோட்சம்னு முடிவு பண்ணியாச்சு," என்றார், ஏதோ ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்ட மாதிரி.

"என் வீட்ல மாசமா இருக்காங்க சார். மனசு கஷ்டப்படுறாங்க."

"புரியுது. ஆனா செத்தவளை எழுப்பினா என் பேர் என்னத்துக்காகும்?"

"அது உங்க பேரே இல்லையே சார்."

சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வாய்த் துடுக்கு எப்போதும் உண்டு. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார், காப்பியும் வரவில்லை.

திரும்பி வரும்போது ரயில் தாம்பரம் சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். படம்தானே முதலில் போகிறது? வீட்டுக்கு வந்து, அவளைக் கூப்பிடாமல், அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்து வரைந்தேன். கதாநாயகி வாசற்படியில் நிற்கிறாள். கால் இரண்டும் தரையில் அழுத்தமாகப் பதிந்திருக்கின்றன. பின்னால் கன்னங்கரேலென்று நிழல் விழுகிறது. ஓவியனிடம் படமும் இல்லை, தூரிகையும் இல்லை; அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பொட்டும் வைத்தேன், பெரியதாக.

உதவி ஆசிரியர் படத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்தார். பத்தி அளவு சரியாக இருந்தது. அவருக்கு அது போதும். பிளாக்குக்குப் போய்விட்டது.

படத்தின் அச்சுப் பிரதி கைக்கு வந்தபோது சூப்பிரண்டெண்ட் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாராம். மூடிவிட்டாராம். வேறு பிளாக்குக்கு நேரமில்லை. சாப்பாட்டு இடைவேளைக்குள் அவர் எழுதிய கடைசி அத்தியாயத்தைப் போல ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை. அவள் சாகவே இல்லை. குளத்தில் விழுந்தவளை யாரோ காப்பாற்றியிருந்தார்கள். பொட்டு வைக்காதது ஒரு விரதம். கால் தெரியாதது பனிமூட்டம். மூன்று பக்கத்தில் எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்த்துவிட்டுக் கல்யாணமும் செய்துவைத்தார். மனுஷர் மனுஷர்தான்.

வாசகர்கள் பாதிப் பேர் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். மீதிப் பேர் திட்டி எழுதினார்கள். உயிர் பிழைத்த கதாநாயகிக்கு யானைக்கால் வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கால்களை நான் பார்த்தபடியே வரைந்திருந்தேன். உதவி ஆசிரியர், அடுத்த தொடருக்கு வேறு ஆளைப் பார்த்திருப்பதாக எழுதியிருந்தார். அதுதான் அவர் எனக்குப் போட்ட கடைசி கார்டு. ஆசை ஆசையாய்க் காத்திருந்து கிடைத்த வேலை, ஒரே கதையோடு போயிற்று. வருத்தம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

பத்திரிகையை அவள் முன்னால் வைத்தேன். பெருமையாகத்தான் வைத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், மூன்று பக்கத்தையும் படித்தாள், மறுபடி படத்துக்கு வந்தாள்.

"பாத்தியா, உன்னைச் சாக விடலை," என்றேன்.

"நான் சாகறதப் பத்தி யாருங்க பேசினா?"

"நீதானே."

"அது கர்த்தர் கையில இருக்கு. எனக்கு அந்த ஆளைத்தான் பிடிக்கலை. அவ போன பிறகும் படத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கானாம். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கும் ஒரு படம் போதும்னு தோணிப்போச்சு. உங்ககிட்டதான் வீடு பூரா இருக்கே."

நான் அவளைப் பற்றிப் புரிந்துகொண்டது அத்தனையும் தப்பு. வெட்கமாக இருந்தது. "நீ முன்னால இல்லாட்டா எனக்கு ஒரு கோடு வராது," என்றேன். அது அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னதில்லை. நிஜம்.

அவள் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? பாவம், அந்தக் குரோம்பேட்டை மனுஷரை இந்தப் பாடு படுத்தியிருக்க வேண்டாமே," என்றாள்.

அதன் பிறகு ஆறு வாரம். பள்ளியில் கூஜா வரையவும் கை ஓடவில்லை. பிள்ளைகளிடம் இஷ்டப்பட்டதை வரையச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வலி எடுத்தது; ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் பெண் குழந்தை என்று சொல்லி என்னை உள்ளே விட்டார்கள். அவள் வெளிறிப்போய்க் கிடந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"படம் ஏதாவது போட்டீங்களா?"

"ஒண்ணும் வரலை," என்றேன்.

சரி என்பது போலத் தலையை அசைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.